நாலு பங்காளியும் ஒரு பிரேக்கும்

முட்டாள்கள் இல்லாத ஊர் உண்டா, சொல்லுங்க. எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் மற்ற ஊர்களில் தனித்தனியாக இருக்கிறார்கள். என் மாமனார் ஊரான தட்டாம்பாறையில் மட்டும் பங்காளிகளாக இருக்கிறார்கள். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். என் புத்தியைப் பற்றி இப்போதே நீங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

தட்டாம்பாறை மலைமேல் இருக்கிறது. கீழே கோம்பையடிக்கு இறங்க ஒரே ஒரு பாதை, அதுவும் வளைவு வளைவாக. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமே கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் என் மாமனார் மொக்கச்சாமி, அவருடைய தம்பிகள் ஒச்சப்பன், வீரணன், காலமாகிவிட்ட இன்னொரு தம்பியின் மகன் பரமனாண்டி ஆகிய நாலு பேரும் சேர்ந்து ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள்.

அந்தக் குடும்பத்தில் எதை வாங்கினாலும் பாகம் பிரித்துத்தான் ஆளுவார்கள். கிணறு என்றால் ஆளுக்கு ஒரு நாள் முறை. புளியமரம் என்றால் ஆளுக்கு ஒரு கிளை. வண்டியை எப்படிப் பிரிப்பது என்று கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் சாமி புண்ணியத்தில் வண்டிக்குச் சரியாக நாலு சக்கரம் இருப்பதை வீரணன் கண்டுபிடித்தார். முன்பக்கம் வலது மொக்கச்சாமிக்கு, இடது ஒச்சப்பனுக்கு. பின்பக்கம் வலது வீரணனுக்கு, இடது பரமனாண்டிக்கு. ஸ்டெப்னியைக் குலதெய்வத்துக்கு எழுதிவைத்தார்கள்.

ஆயுதபூஜை வந்தால் ஒவ்வொருவரும் அவரவர் சக்கரத்துக்கு மட்டும் சந்தனம் வைப்பார்கள். பஞ்சரானால் அவரவர் பாடு. மீதி இருக்கிற இன்ஜின், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் பொது. பொது என்றால் உங்களுக்குத் தெரியாததா? எல்லாருக்கும் பாத்தியதை உண்டு, யாருக்கும் வேலை கிடையாது. வாங்கின நாளிலிருந்து அந்த பிரேக்கை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவன் பங்கில் தலையிட்டதாக ஆகிவிடுமே.

இந்த வண்டியால் பரமனாண்டிக்கு ஒரு நல்லது நடந்தது. முப்பத்தெட்டு வயதாகியும் அவனுக்குப் பெண் அமையவில்லை. பெண் பார்க்கப் போய்ப் போய், ஊர் ஊராக பஜ்ஜி தின்றே அவனுக்கு வயிறு கெட்டுவிட்டது. கடைசியில் கோம்பையடி குருவையா சரி என்றார். அதற்குக் காரணம் பரமனாண்டியின் முகம் அல்ல, வண்டியில் அவனுக்குக் கால் பங்கு இருக்கிறது என்ற சேதிதான். ஆனால் குருவையா சூடுபட்ட பூனை. மூத்த மகளுக்கு வந்த ஒருத்தன் டிராக்டர் இருக்கிறது என்று சொல்லித் தாலி கட்டிவிட்டான். பிறகு போய்ப் பார்த்தால் அது காலண்டரில் இருந்த டிராக்டர்.

அதனால் நிச்சயத்தன்றே குருவையா கறாராகச் சொல்லிவிட்டார். “மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வண்டியோட வந்து எறங்கணும். என் கண்ணால பாக்கணும். வண்டி வரலைன்னா பொண்ணு மணவறைக்கு வராது.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஒச்சப்பன் வாழைத்தார் இறக்கிவிட்டு வண்டியோடு வந்து சேர்ந்தார். அவர்தான் டிரைவர். முகத்தில் ஒரு நிம்மதி.

“அண்ணே, நம்ம வண்டி பிரேக்கு முன்னல்லாம் கல்லு மாதிரி இருக்கும். இன்னைக்கு மிதிச்சா கால் உள்ள போய்க்கிட்டே இருக்கு. முட்டிக்கு அவ்வளவு இதமா இருக்கு” என்றார்.

நான் குறுக்கே புகுந்து கேட்டேன். “அப்புறம் எப்படி மாமா வண்டியை நிறுத்துனீங்க?”

“நான் எங்க மாப்ள நிறுத்துனேன்? வைக்கப்போருதான் நிறுத்துச்சு.”

உடனே கோம்பையடி மெக்கானிக் சிக்கந்தர் பாய்க்கு நான் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. பாய் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். நாளைச் சாயங்காலம் வரை நகர முடியாது என்றார்.

“வண்டியை எடுத்துறாதீங்க. பிரேக் ஆயில் எங்கயோ ஒழுகுது. பானட்டைத் திறந்தா ஒரு வெள்ளை டப்பா இருக்கும், அதுல ரெண்டு கோடு போட்டிருக்கும். ஆயில் ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். கீழ்க்கோட்டுக்குக் கீழ போயிருந்தா ஒழுகுதுன்னு அர்த்தம். பாத்துட்டுச் சொல்லுங்க.”

திறந்தார்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே கிடந்தது. நாலு பேரும் குனிந்து துக்கவீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

வீரணன்தான் முதலில் வாய் திறந்தார். அந்தக் குடும்பத்துக்கு யோசனை சொல்லுகிறவர் அவர்தான். “அண்ணே, ஒரு சந்தேகம். ஆயில் எறங்கிருக்கா, இல்ல கோடு ஏறிருக்கா?”

“கோடு எப்படிடா ஏறும்?”

“கம்பெனிக்காரன் தரையில வச்சுப் போட்ட கோடுண்ணே. நாம மலைமேல இருக்கோம்.”

மொக்கச்சாமி ஓர் ஆணி கொண்டுவரச் சொல்லி, ஆயிலுக்கு ஒரு விரற்கடை கீழே அந்த டப்பாவில் புதிதாக ஒரு கோடு கீறினார். பழைய கீழ்க்கோடு இப்போது மேல்கோடு ஆகிவிட்டது. ஆயில் நட்டநடுவில் நின்றது. நான், “மாமா, இப்படிப் பண்ணினா…” என்று ஆரம்பித்தேன். உடனே என் மாமியார் காபி கொண்டுவந்து கையில் கொடுத்தார். அந்த வீட்டில் மருமகன் வாயை மூட அதுதான் வழி. அன்று மட்டும் நான் எத்தனை காபி குடித்தேன் என்று கேட்காதீர்கள்.

பாயிடம் மறுபடியும் பேசினேன். கோட்டுக் கதையையும் சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார். “சரி, அது கிடக்கட்டும். சுத்தமான வெள்ளைத்துணி ஒண்ணை வண்டிக்கு அடியில விரிங்க. ஒரு ஆளு உக்காந்து பிரேக்கை மிதிச்சு மிதிச்சு விடட்டும். துணியில சொட்டு விழுந்தா ஒழுகுது. எந்தச் சக்கரத்துக்கிட்ட விழுதுன்னு பாருங்க.”

தட்டாம்பாறையில் வெள்ளை வேட்டிகள் நிறைய உண்டு. அவை வாங்கும்போது வெள்ளையாக இருந்தவை. செம்மண் ஊர் அது. ஊரையே சல்லடை போட்டுச் சலித்தும் சுத்தமான வெள்ளைத்துணி என்று ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அது மறுநாள் பரமனாண்டி கட்டவேண்டிய பட்டுவேட்டி.

“பாய் சுத்தமான துணின்னு சொல்லிட்டாரு. அழுக்குத்துணியை விரிச்சா வண்டி என்ன நினைக்கும்” என்று வீரணன் சொன்னார். விரித்தாயிற்று. ஒச்சப்பன் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து இன்னொன்று. பின்பக்கம், இடது சக்கரத்தின் அடியில். எல்லாரும் பரமனாண்டியைப் பார்த்தார்கள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. “எங்கப்பா சக்கரம் ஒழுகாது பெரியப்பா. அவரு இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகிருக்கா?”

“அவரு இருந்தப்ப வண்டியே இல்லையேடா.”

“அதத்தான் நானும் சொல்றேன். வண்டி உங்க பக்கம் உசந்து என் பக்கம் சாஞ்சு நிக்குது. வீரணன் சித்தப்பா சக்கரத்துல ஒழுகினது என் பக்கம் ஓடி வந்திருக்கும்.”

வீரணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். “நாளைக்குத் தாலி கட்டப் போறவன்னு பாக்குறேன். என் சக்கரத்தைப் பத்திப் பேசுற வேலை வச்சுக்காத.”

அடிதடி ஆகிவிடுமோ என்று நான் நடுவில் போனேன். காபி வந்தது. அதற்குள் பரமனாண்டி ஒரு சொம்பைக் கொண்டுவந்து சொட்டு விழுகிற இடத்தில், வேட்டியின் மேலேயே வைத்துவிட்டான். சொட்டுகள் சொம்புக்குள் விழுந்தன. மொக்கச்சாமி குனிந்து பார்த்தார். வேட்டியைத் தடவினார். பழைய கறை இருந்தது, புதுச் சொட்டு ஒன்றும் இல்லை.

“துணியில விழுந்தா ஒழுகுதுன்னு பாய் சொன்னாரு. இப்ப துணியில விழலை” என்று தீர்ப்புச் சொன்னார்.

“சொம்புல விழுதே மாமா” என்றேன்.

“சொம்பைப் பத்தி பாய் ஒண்ணும் சொல்லலையே மாப்ள.”

இதைப் போனில் சொன்னதும், பாய் பாவம், அந்தப் பக்கம் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. “சொம்புல விழுந்தாலும் ஒழுகல்தாங்க. சக்கரத்துக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க. எந்தச் சக்கரத்துல ஈரம் இருக்கோ அதுலதான் கோளாறு. அந்தச் சக்கரத்தை மட்டும் கழட்டி வைங்க, நான் வந்து உள்ள பாத்துக்கிறேன். வேற எதையும் தொடாதீங்க.”

இதில் ஒரு சிக்கல். பங்காளி சக்கரத்தை இன்னொரு பங்காளி தொடக்கூடாது. அவரவர் சக்கரத்தை அவரவர்தான் சோதிக்க வேண்டும். அப்புறம் நாலு பேர் பார்க்கிற சமாச்சாரம், சேறும் சகதியுமாகக் காட்டினால் குடும்பத்துக்கு என்ன மரியாதை? ஒவ்வொருவரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய்நார் போட்டுத் தேய்த்து, உள்ளும் புறமும் சக்கரத்தைக் குளிப்பாட்டினார்கள். பிறகு பயபக்தியோடு கையை விட்டுப் பார்த்தார்கள்.

“எனக்கு ஈரம்” என்றார் மொக்கச்சாமி.

“எனக்கும்” என்றார் வீரணன்.

ஒச்சப்பன் மிதிப்பதை விட்டுவிட்டு இறங்கி வந்து தன் சக்கரத்தைத் தடவினார். “எனக்குந்தாண்ணே.”

பரமனாண்டிக்கு உயிர் வந்தது. நாலும் ஒழுகினால் அவமானத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம் இல்லையா. ஆனால் வெயில் ஏற ஏற மூன்று சக்கரம் காய்ந்துபோயிற்று. அவனுடையது மட்டும் வழவழவென்று மினுங்கிக்கொண்டே இருந்தது. அவன் துடைத்தான். மறுபடி மினுங்கியது. ஊதிப் பார்த்தான். என் மாமியாரிடம் விசிறி வாங்கி விசிறியும் பார்த்தான். பிறகு ஜாக்கி வைத்து, நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை எடுத்துச் சுவரோரம் சாய்த்தான்.

ஒச்சப்பன் மறுபடி ஏறி மிதிக்க ஆரம்பித்தார். மிதிக்கச் சொன்ன பாய் நிறுத்தச் சொல்லவில்லையே. சக்கரம் இருந்த இடத்தில் இருந்து இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“சக்கரம் இங்க இருக்கு, சொட்டு அங்க விழுது. அப்ப இது யாரு ஒழுகல்?” என்று கேட்டான் பரமனாண்டி.

பெரிய கேள்வி. நாலு பேரும் உட்கார்ந்து வெற்றிலை போட்டு யோசித்தார்கள். கடைசியில் மொக்கச்சாமி சொன்னார். “சக்கரம் வரைக்குந்தான் பாகம். சக்கரம் இல்லாத இடம் பொது. இனிமே ஒழுகுறது பொது ஒழுகல்.”

நாலு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. பொது என்றான பிறகு யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை பாருங்க. பரமனாண்டி சொம்பைக்கூட எடுத்துவிட்டான்.

பொழுது சாயும்போது சொட்டு நின்றுவிட்டது. வீரணன் ஓடிவந்து எல்லாரையும் கூப்பிட்டார். ஒச்சப்பனை வண்டியிலிருந்து இறக்கி, மிதித்த காலுக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள். நான் போய் டப்பாவைப் பார்த்தேன். மொக்கச்சாமி கீறின கோட்டுக்கும் கீழே, அடிவரைக்கும் காய்ந்து கிடந்தது.

“மாமா, உள்ள ஒண்ணுமே இல்ல.”

“ஒண்ணுமே இல்லாட்டி எப்படி ஒழுகும் மாப்ள? அதான் நின்னுருச்சு.”

நான் காபிக்குக் கையை நீட்டினேன்.

இனி சக்கரத்தை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான் என்று ஒச்சப்பன் நட்டுகளைப் பொறுக்கினார். அந்தப் பாதையில் பிரேக் இல்லாமல் இறங்கினால் மறுநாள் கல்யாணம் அல்ல, கருமாதிதான். ஆனால் இவர்களை எதுவோ ஒன்று காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. வீரணன் கையைப் பிடித்துத் தடுத்தார். “பாய் கழட்டி வைக்கத்தான் சொன்னாரு. மாட்டச் சொல்லலை.”

“ஸ்டெப்னியை மாட்டுவோமா?”

“சாமி சொத்தைத் தொட்டுட்டா தாலி கட்டப் போறது?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாள் காலையில் சாதிசனம் எல்லாம் முதல் மினிபஸ்ஸில் கோம்பையடிக்குக் கிளம்பிப் போய்விட்டது. நான் மட்டும் பைக்கோடு நின்றேன். பரமனாண்டி கறைபட்ட பட்டுவேட்டியைக் கட்டிக்கொண்டு, மூன்று சக்கரத்தில் நொண்டி நிற்கிற வண்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

“வண்டி வரலைன்னா பொண்ணு வராதுன்னாரே மச்சான். அந்தப் புள்ள என்னைப் பாத்து ஒரு தடவை சிரிச்சுச்சு. இதுவரைக்கும் பொண்ணு பாக்கப் போன இடத்துல ஒருத்தியும் சிரிக்கலை.”

எனக்கு நிஜமாகவே அவனை நினைத்துப் பாவமாக இருந்தது. பைக்கில் ஏறு, போய்ப் பேசிப் பார்ப்போம் என்றேன். அவன் ஏறவில்லை. சுவரோரம் இருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

“அவரு யாரு பங்கை மச்சான் பாக்கணும்னாரு?”

“உன் பங்கைத்தான்.”

“என் பங்கு இந்தா இருக்கு.”

சொல்லிவிட்டுச் சக்கரத்தை நிமிர்த்தி உருட்டிக்கொண்டு பாதையில் இறங்கிவிட்டான். கழுத்தில் மாலை, நெற்றியில் சந்தனம், இரண்டு கையாலும் சக்கரம். நான் பைக்கை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். வளைவு வந்தால் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். வளைவு தாண்டினால் விட்டு உருட்டுவான். எதிரே ஏறி வந்த ஜீப்காரன் ஒருத்தன் ஓரம்கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டான். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டான்.

கடைசி இறக்கம் மண்டபத்து வாசலில்தான் போய் முடிகிறது. அங்கே கை வழுக்கிவிட்டது. சக்கரம் துள்ளிக்கொண்டு ஓடியது, பரமனாண்டி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். சக்கரம் நேராக வந்து வாழைமரத்தில் மோதி, சுற்றிச் சுற்றிப் படுத்தது. நாதஸ்வரக்காரர் எதைப் பார்த்தாலும் வாசிக்கிற மனிதர், வாசித்துவிட்டார். வாசித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பெண்கள் சக்கரத்துக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

குருவையா வந்தார். சக்கரத்தைச் சுற்றி வந்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். “மாப்ள, வண்டி எங்க?”

பரமனாண்டிக்கு மூச்சு வாங்கியது. “இதுதான் மாமா என் பங்கு. மீதி மூணும் பெரியப்பா சித்தப்பாமாரு பங்கு. அது மேல நிக்குது.”

குருவையா தன் அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஓரமாகப் போனார். குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தர் வந்து சக்கரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொருத்தர் முகர்ந்து பார்த்தார். பரமனாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

குருவையா திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “கால் பங்குன்னு சொன்னாரு, கால் பங்கைக் கொண்டாந்து கண்ணுல காட்டிட்டாரு. பங்காளி பங்குல ஒரு ஆணியைக்கூடத் தொடலை. இந்தக் காலத்துல இப்படி ஒரு யோக்கியமான மாப்பிள்ளை கிடைப்பானா? பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பந்தம் தகுதியான இடத்தில்தான் அமைந்திருக்கிறது. வேட்டியில் என்ன கறை என்று ஒரு கிழவி கேட்டாள். பிரேக் ஆயில் என்று பரமனாண்டி சொன்னான். வண்டிக்காரன் வேட்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளும் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். தாலி கட்டியாயிற்று. பெண் தவமணி சிரித்தாள். இவனும் சிரித்தான். மனதார வாழ்த்தினேன், பொய் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்புகிற நேரம். பெண் மாப்பிள்ளை வண்டியில்தான் புகுந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று குருவையா ஒரே பிடியாக நின்றார். வண்டியோ ஒற்றைச் சக்கரம், பாதையோ ஏற்றம். அதனால் சாயங்கால மினிபஸ்ஸில் சக்கரத்தைப் படுக்கப்போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து, தவமணியை அதன்மேல் உட்காரவைத்தார்கள். சாதிசனம் முந்தின பஸ்ஸிலேயே ஏறிப் போயிருந்ததால் இருக்கையெல்லாம் காலியாகக் கிடந்தது. பரமனாண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். நான் பைக்கைக் கோம்பையடியிலேயே போட்டுவிட்டு அந்த பஸ்ஸில் ஏறினேன். இதைப் பார்க்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்குமா?

கண்டக்டர் வந்தார். பரமனாண்டி தனக்கு ஒரு டிக்கெட் வாங்கினான்.

“பொண்ணுக்கு?”

பரமனாண்டி விழித்தான். தவமணி தலையை நிமிர்த்திப் பணிவாகச் சொன்னாள். “நான் பஸ்ல வரலைண்ணே. எங்க வீட்டுக்காரரு வண்டியில வர்றேன். பஸ்ல வர்றது எங்க வண்டிதான், அதுக்கு வேணா டிக்கெட் போடுங்க.”

கண்டக்டர் அவளைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனிதர் பெருமூச்சு விட்டுவிட்டு டிக்கெட் புத்தகத்தைப் புரட்டினார்.

“சரிம்மா. வண்டின்னா முழு டிக்கெட்டு.”

“முழு வண்டி இல்லையேண்ணே” என்றாள் தவமணி. “கால் வண்டிதான். கால் டிக்கெட் போடுங்க.”